ஜாடி மாதிரியில் டிஎன்ஏ வரவில்லையா, வந்தும் தப்பாக வருகிறதா? அறிகுறி பார்த்துப் பிழை பிடிப்பது

போன சித்திரையில் உசிலம்பட்டிப் பக்கமிருந்து ஒரு மாணவி ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்றை மடியில் வைத்துப் பஸ்ஸிலேயே கொண்டுவந்தார். உள்ளே கண்மாயில் பிடித்த கெளுத்தி ஒன்று, மூடியைச் சுற்றி நாலு சுற்று செல்லோடேப். “ஸ்பிரிட்லதான் சார் இருக்கு, பார்கோடிங் மட்டும் பண்ணிக் குடுங்க” என்றார், அதாவது டிஎன்ஏவின் ஒரு துண்டைப் படித்து என்ன இனம் என்று சொல்வது. மூடியைத் திருகியதும் எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஸ்பிரிட்டாவது ஒன்றாவது, பார்மலின்.

மதுரையில் ஒரு சின்ன ஆய்வகத்தில் பிசிஆர் (டிஎன்ஏ துண்டைப் பல நகலாகப் பெருக்குவது) போடுவதுதான் என் அன்றாட வேலை. மெஷின் சரியில்லை, கிட் காலாவதி, பிரைமர் (நகல் எடுக்கத் தொடக்கமாக வைக்கும் குட்டி டிஎன்ஏ) தப்பு என்று வருகிற புகார்களில் நிறைய, கடைசியில் மாதிரி எந்தத் திரவத்தில் எத்தனை நாள் கிடந்தது என்ற கேள்வியில்தான் போய் நிற்கும். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துவிட்டதால் அறிகுறிவாரியாக எழுதிவைக்கிறேன். உங்கள் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேரே போகலாம், ஆனால் முதல் தலைப்பை மட்டும் தாண்டிவிடாதீர்கள்.

## எதற்கும் முன்னால்: ஜாடிக்குள் இருப்பது என்ன?

லேபிளை நம்பாதீர்கள். பழைய விலங்கியல் துறை ஜாடிகளில் திரவம் குறையக் குறைய, அட்டெண்டர் அண்ணன் கைக்கு எட்டியதை ஊற்றி நிரப்பியிருப்பார். அதைவிடப் பெரிய சிக்கல், முதலில் சில நாள் பார்மலினில் போட்டு இறுக்கிவிட்டு அப்புறம் 70 சதவீத ஆல்கஹாலுக்கு மாற்றுவது. உருவ அமைப்பைப் பார்க்க அதுதான் முறை, தப்பே இல்லை. லேபிளில் ஆல்கஹால் என்று மட்டும் இருக்கும், முதல் வாரம் பார்மலினில் கிடந்த கதை யாருக்கும் தெரியாது.

மூக்கை வைத்து மோந்து பார்க்க வேண்டாம், பார்மலினில் இருக்கும் பார்மால்டிஹைடு புற்றுநோய் தரும் பொருள். கையுறை போட்டு, ஃபியூம் ஹூடுக்குள் வைத்துத் திறந்து இவற்றைச் செய்யுங்கள்:

- ஹைட்ரோமீட்டரை விடுங்கள். 0.89 பக்கத்திலோ அதற்குக் கீழோ நின்றால் ஆல்கஹால் போதிய அளவு இருக்கிறது. 1-ஐ ஒட்டியோ கொஞ்சம் மேலேயோ நின்றால் பார்மலினாக இருக்க வாய்ப்பு அதிகம், இல்லையென்றால் ஆல்கஹால் எல்லாம் பறந்துபோய் மிஞ்சிய தண்ணீர்.
- பிஎச் தாளை நனையுங்கள். தாங்கல் (பஃபர்) சேர்க்காத பார்மலின் நாளாவட்டத்தில் ஃபார்மிக் அமிலமாக மாறிப் புளித்துப்போகும். அமிலம் என்று காட்டினால் டிஎன்ஏ துண்டு துண்டாக இருக்கும் என்று இப்போதே எதிர்பார்க்கலாம்.
- ஷிஃப் கரைசல் இருந்தால் (திசு சாயமிடும் துறைகளில் இருக்கும்) ஒரு சொட்டு. கருஞ்சிவப்பு ஊதா வந்தால் ஆல்டிஹைடு இருக்கிறது. நிறம் வராவிட்டால் தப்பித்தோம் என்று அர்த்தமில்லை, ஆல்கஹாலை நாலைந்து தடவை மாற்றியிருந்தாலும் வராது.
- இடுக்கியால் தசையை ஓர் ஓரத்தில் கிள்ளுங்கள். ஆல்கஹாலில் கிடந்த தசை சுருங்கி, நாராகப் பிரியும். பார்மலினில் கிடந்தது செருப்பு ரப்பர் போல அமுங்கித் திரும்ப எழும்பும். இரண்டு வருஷம் கிள்ளிப் பழகினால் மற்ற சோதனைகளே தேவைப்படாது.

ஒரு துப்பு: பார்மலினைத் திசு இறுக்கப் பயன்படுத்தலாம் என்று ஃபெர்டினாண்ட் ப்ளும் எழுதியது 1893-ல்தான். அதற்கு முன் பிடித்ததாகப் பதிவேட்டில் இருக்கிற மாதிரி பெரும்பாலும் சாராயத்தில்தான் தொடங்கியிருக்கும், பின்னால் யாரும் மாற்றாமல் இருந்தால்.

இங்கேயே நிறுத்த வேண்டிய இடம்: திரவமோ திசுவோ பளிச்சென்ற மஞ்சளாக இருந்தால் அது பூவான் கரைசலாக இருக்கலாம், அதில் பிக்ரிக் அமிலம் உண்டு. மூடியின் மரையில் காய்ந்து படிகமாகியிருந்தால் திருகும் உராய்வுக்கே வெடிக்கக்கூடியது. தொடாமல், நகர்த்தாமல், உங்கள் நிறுவனப் பாதுகாப்பு அலுவலரைக் கூப்பிடுங்கள். பஞ்சு அடைத்த பழைய பறவைத் தோல்களில் ஆர்செனிக், பாதரச உப்பு தடவியிருப்பார்கள், அவற்றையும் வெறுங்கையால் சுரண்டக் கூடாது. டிஎன்ஏவுக்கும் அந்த பூவான் திசு கிட்டத்தட்ட உதவாது, ஆசைப்பட வேண்டாம்.

## அறிகுறி 1: இரவு முழுக்க லைசிஸ் (திசுவைக் கரைப்பது) வைத்தும் திசு கரையவில்லை

காலையில் டியூபைத் தூக்கிப் பார்த்தால் போட்ட துண்டு போட்டபடி உட்கார்ந்திருக்கும்.

முதலில் ஆல்கஹாலைச் சந்தேகப்படுங்கள். ஜாடியிலிருந்து எடுத்த துண்டை அப்படியே பஃபரில் போட்டால் உள்ளே ஊறிய எத்தனால், புரதத்தைக் கரைக்கும் நொதியான ப்ரோட்டினேஸ் கே-யை வேலை செய்ய விடாது. வடிதாளில் ஒற்றி, பொடியாக நறுக்கி, டிஇ பஃபரில் ஒரு மணி நேரம் ஊறவைத்துவிட்டு மறுபடி போடுங்கள். காசே ஆகாத வைத்தியம்.

அடுத்து நொதி. கரன்ட் போய்ப் போய் வருகிற ஃபிரிட்ஜில் இருந்த ப்ரோட்டினேஸ் கே செத்திருக்கலாம். காலையில் கடையில் வாங்கிய மீனில் பயறு அளவு வெட்டி, அதே நொதி, அதே பஃபர், அதே 56 டிகிரியில் பக்கத்தில் வையுங்கள். புது மீன் கரைந்து ஜாடித் துண்டு கரையவில்லை என்றால் நொதி நல்லது, குற்றவாளி திசு. இரண்டுமே கரையாவிட்டால் புது நொதி வாங்குங்கள்.

கடைசியாக, பார்மலின்தான். பார்மால்டிஹைடு புரதத்தையும் டிஎன்ஏவையும் பாலம் போட்டுப் பிணைத்துவிடும், நொதிக்குக் கடிக்க இடம் கிடைக்காது. பாஸ்பேட் பஃபரில் கொஞ்சம் கிளைசின் சேர்த்து (மிச்ச ஆல்டிஹைடை அது பிடித்துக்கொள்ளும்) இரண்டு மூன்று நாள், நாளுக்கு இரண்டு தடவை மாற்றிக் கழுவுங்கள். அப்புறம் 56 டிகிரியில் இரண்டு மூன்று நாள் வரை, தினமும் புது நொதி சேர்த்து. கரைந்த பிறகு 90 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தால் பாலங்களில் கணிசமானவை அவிழும். ஒரு மணிக்கு நல்லது என்றால் மூன்று மணிக்கு இன்னும் நல்லது என்று நினைத்துவிடாதீர்கள், சூடு டிஎன்ஏவையும் உடைக்கும். பார்மலினில் போட்டு மெழுகில் பதித்த திசுவுக்கென்று விற்கும் கிட் விலை கூடுதல்தான், ஆனால் இந்த இடத்தில் சாதாரண கிட்டைவிடத் தெளிவாகப் பரவாயில்லை.

## அறிகுறி 2: ஜெல் கிணற்றில் மாதிரி இறங்காமல் மிதந்து போகிறது

கழுவிய எத்தனால் காயவில்லை. டிஎன்ஏ பிடிக்கும் வடிகட்டிக் குழாயை (column) வெறுமனே இன்னொரு நிமிடம் சுழலவிடுங்கள், அல்லது டியூபை மூடி திறந்து 56 டிகிரியில் ஐந்து நிமிடம் வையுங்கள். அவ்வளவுதான், இதற்கு யாரையும் கூப்பிட வேண்டாம்.

## அறிகுறி 3: நானோடிராப் நல்ல எண் காட்டுகிறது, பிசிஆரில் ஒன்றும் இல்லை

அதிகம் பேர் மாட்டுவது இதில்தான். நானோடிராப் என்ற அளக்கும் கருவி 260 நானோமீட்டரில் ஒளியை உறிஞ்சும் எதையும் டிஎன்ஏ என்றே எண்ணும். உடைந்த துண்டு, ஆர்என்ஏ, பிணைந்து கிடப்பது எல்லாம் அதற்கு ஒன்றுதான். ‘80 நானோகிராம் இருக்கு சார்’ என்பவரிடம் நான் முதலில் கேட்பது, க்யூபிட் என்ற இன்னொரு கருவியில் எவ்வளவு. அது இரட்டை இழையை மட்டும் எண்ணும், ஜாடி மாதிரிகளில் இரண்டு எண்ணுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது.

260/230 விகிதம் 2-க்கு ரொம்பக் கீழே: கிட்டின் குவானிடின் உப்பு கழுவப்படவில்லை. கழுவும் பஃபரை இன்னொரு தடவை ஓட்டுங்கள்.

விகிதம் பரவாயில்லை, ஜெல்லில் பேண்ட் (டிஎன்ஏ கோடு) மட்டும் இல்லை: டெம்ப்ளேட்டை (பிசிஆரில் போடும் உங்கள் டிஎன்ஏவை) பத்துக்கு ஒன்று, நூறுக்கு ஒன்று என்று நீர்த்து மூன்று டியூப் ஒரே ஓட்டத்தில் போடுங்கள். நீர்த்ததில் பேண்ட் வந்தால் தடுப்பான்தான் (பிசிஆரை ஓட விடாத பொருள்) காரணம், கொஞ்சம் பிஎஸ்ஏ என்ற புரதம் சேர்த்தால் மேலும் சரியாகும்.

நீர்த்தும் இல்லை: இப்போது ஒரு கலப்புச் சோதனை. நன்றாக வேலை செய்கிற ஒரு டிஎன்ஏவை எடுத்து ஒரு டியூபில் தனியாகவும், இன்னொன்றில் உங்கள் மாதிரியோடு சேர்த்தும் பிசிஆர் போடுங்கள். சேர்த்த டியூபிலும் பேண்ட் வந்தால் உங்கள் மாதிரியில் தடுப்பான் இல்லை, டெம்ப்ளேட்தான் உடைந்தது, அறிகுறி 4-க்குப் போங்கள். சேர்த்ததில் பேண்ட் காணாமல் போனால் தடுப்பான் இன்னும் இருக்கிறது, சுத்திகரிக்கும் வடிகட்டிக் குழாயில் இன்னொரு முறை ஏற்றுங்கள். இரண்டே டியூப்தான், இதைச் செய்யாமல் மூன்று வாரம் பிரைமரை மாற்றி மாற்றிப் பார்த்தவர்களை எனக்குத் தெரியும்.

ரத்த மாதிரியா? ரத்தம் உறையாமல் வைக்கும் ஹெப்பாரின் டியூபில் எடுத்திருந்தால் அதுவே தடுப்பான். இடிடிஏ டியூபில் மறுபடி எடுக்க முடியுமா என்று பாருங்கள், மற்ற வழிகளைவிட அது மலிவு.

இன்னொரு கிளை, விலை உயர்ந்த நொதி வைத்திருப்பவர்களுக்கு: பிழை திருத்தும் வகைப் பாலிமரேஸில் (டிஎன்ஏ நகல் எடுக்கும் நொதி) பேண்ட் இல்லை, சாதாரண டாக் பாலிமரேஸில் வருகிறது என்றால் ரொம்ப சந்தோஷப்படாதீர்கள். பிஎஃப்யூ மாதிரியான நொதிகள் டிஎன்ஏவில் இருக்கக் கூடாத எழுத்தான யுராசிலைக் கண்டால் நின்றுவிடும், டாக் கண்டுகொள்ளாமல் ஓடும். அதாவது மாதிரியில் யுராசில் இருக்கிறது. அறிகுறி 6-ஐப் படிக்காமல் சீக்வென்ஸுக்கு அனுப்பாதீர்கள்.

## அறிகுறி 4: சின்னத் துண்டு வருகிறது, 650 பேஸ் பேர் வரவில்லை

ஜெல்லில் எடுத்த டிஎன்ஏவைப் பார்த்தால் மேலே கோடு இருக்காது, கீழே ஊதுபத்திப் புகை மாதிரி இழுவியிருக்கும்.

சிஓஐ என்ற மைட்டோகாண்ட்ரிய மரபணுவிலிருந்து எடுக்கும் வழக்கமான பார்கோடு 658 பேஸ் பேர் (டிஎன்ஏ எழுத்து ஜோடி). நீண்ட நாள் பார்மலினில் கிடந்த திசுவில் இருநூறு முந்நூறு பேஸ் பேர் வந்தாலே பெரிது. 150, 300, 650 என்று மூன்று அளவுக்குப் பிரைமர் வைத்து ஒரே நாளில் போட்டால் எங்கே உடைகிறது என்று தெரிந்துவிடும். 150 வருகிறது என்றால் 130 பேஸ் பேர் அளவிலான மினி பார்கோடுக்கு இறங்குங்கள், இனத்தைச் சொல்ல பல நேரம் அதுவே போதும். இல்லையென்றால் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் சின்னத் துண்டுகளாக எடுத்து ஒட்டலாம்.

பார்மலினே படவில்லை, ஆனாலும் உடைந்திருக்கிறது என்கிறவர்கள் இவற்றைப் பாருங்கள்.

மாதிரிக்கும் ஆல்கஹாலுக்கும் உள்ள விகிதம். பத்து கிராம் மீனைப் பத்து மி.லி. 95 சதவீத எத்தனாலில் போட்டால் மீனில் உள்ள ஏழரை மி.லி. தண்ணீர் வெளியே வந்து, கடைசியில் அது 54 சதவீதம்தான். நூறு மி.லி.யில் போட்டிருந்தால் 88-ல் நிற்கும். அதனால்தான் ஒன்றுக்குப் பத்து, ஒரு நாள் கழித்துப் பழையதைக் கொட்டிவிட்டுப் புதுசு. முழு மீனை அப்படியே போட்டால் உள்ளே ஆல்கஹால் போய்ச் சேரும் முன் குடல் அழுகிவிடும், வயிற்றைக் கீறி விட வேண்டும்.

மூடி. அக்னி நட்சத்திரத்தில் ஸ்டோர் ரூம் ஓட்டுக் கூரையின் கீழே நாற்பது டிகிரியைத் தாண்டும். தளர்ந்த மூடி வழியாகத் தண்ணீரைவிட ஆல்கஹால் வேகமாகப் பறக்கும். ஜாடி முக்கால்வாசி இருக்கிறதே என்று பார்த்தால் மிச்சமிருப்பது மெலிந்த சாராயம்.

எது ஆல்கஹால் என்பதும் கேள்விதான். சுத்த எத்தனாலுக்கு உரிமம், பதிவேடு என்று அலைய வேண்டியிருப்பதால் அவசரத்துக்குப் பெயின்ட் கடை மெத்திலேட்டட் ஸ்பிரிட்டில் போட்டுவிடுகிறார்கள். கொரோனாவுக்குப் பிறகு சானிடைசரில் போட்ட சிலந்திகளும் வர ஆரம்பித்தன. உலக சுகாதார நிறுவனத்தின் சானிடைசர் செய்முறையில் 80 சதவீத எத்தனாலோடு கிளிசரால் 1.45 சதவீதம், ஹைட்ரஜன் பெராக்சைடு 0.125 சதவீதம் உண்டு. இரண்டு நாளைக்குப் பரவாயில்லை, இரண்டு வருஷத்துக்கு வேண்டாம்.

பூச்சியா? கொல்லும் பாட்டிலில் ஈதைல் அசிட்டேட் ஊற்றினீர்களா என்று யோசியுங்கள். குண்டூசியில் குத்தி அழகாக நிற்கும், டிஎன்ஏ பாழாகியிருக்கும். எலும்போ பல்லோ என்றால் சுண்ணாம்பை நீக்க அமிலமா இடிடிஏவா என்று கேளுங்கள். நைட்ரிக் அமிலத்தில் ஊறியது என்றால் நான் முயற்சி கூடச் செய்வதில்லை.

இதில் ஒரு வேடிக்கை. கரிமேட்டில் வாங்கிய கருவாட்டில் எனக்கு 650 சுத்தமாக வந்திருக்கிறது. 1984-ல், அழிந்துபோன வரிக்குதிரை வகையான குவாகாவின் டிஎன்ஏவைப் படித்ததும் 140 ஆண்டு பழைய, காய்ந்த தோலில் ஒட்டியிருந்த சதையிலிருந்துதான். உப்பும் வெயிலும் செய்யாத கெடுதலை அமிலமான பார்மலின் சில வாரத்தில் செய்துவிடுகிறது.

கூப்பிட வேண்டிய இடம்: 150-ம் வரவில்லை, மாதிரியோ வேறெங்கும் கிடைக்காதது என்றால் இருக்கிற திசுவை நறுக்கித் தீர்த்துவிடாதீர்கள். சிதைந்த டிஎன்ஏவுக்கென்றே தனி அறை, தனிக் காற்றோட்டம் வைத்து, அடுத்த தலைமுறை சீக்வென்சிங்கில் குட்டித் துண்டுகளையே படிக்கிற ஆய்வகங்கள் உண்டு. மிச்சத் திசு அங்கே போகட்டும்.

## அறிகுறி 5: பேண்ட் அருமை, பிளாஸ்ட் (சீக்வென்ஸை ஒப்பிடும் தேடல்) செய்தால் வேறு பிராணியின் பெயர் வருகிறது

மனிதன் என்று வந்தால் உங்கள் கைதான், அல்லது போன நூற்றாண்டிலிருந்து அந்த ஜாடியில் கைவிட்ட யாரோ ஒருவர். மாதிரியின் சொந்த டிஎன்ஏ செயலிழந்து கிடக்கும்போது ஒரு பொடுகுத் துகள் போதும், பிசிஆர் அதைத்தான் பெருக்கும். மேல்தோலைச் சீவி எறிந்துவிட்டு உள்ளிருந்து வெட்டுங்கள். திசு போடாமல் வெறும் பஃபரில் தொடங்கிய ஒரு வெற்று டியூப் ஒவ்வொரு முறையும் கூடவே ஓட வேண்டும். பிசிஆர் நெகட்டிவ் (டிஎன்ஏ சேர்க்காமல் போடும் பிசிஆர் டியூப்) மட்டும் போதாது, பிரித்தெடுக்கும்போது கலந்ததை அது காட்டாது.

அதே பகுதியின் இன்னொரு இனம் என்று வந்தால் ஜாடியில் கூடவே யார் குடியிருந்தார்கள் என்று பாருங்கள். வைகைக் கரையில் பிடித்த ஆறு வகை மீனை ஒரே பாட்டிலில் போடுகிற பழக்கம் நம்மிடம் உண்டு. எத்தனாலுக்குள் டிஎன்ஏ கசியும், அந்தத் திரவத்திலிருந்தே பிசிஆர் போடலாம் என்கிற அளவுக்குக் கசியும்.

உறவுக்கார இனம் மாதிரி, ஆனால் நடுவில் நிறுத்தக் குறி (புரதம் அங்கே முடிகிறது என்று சொல்லும் குறி) வருகிறது என்றால் முதலில் டிஎன்ஏவைப் புரதமாக மொழிபெயர்க்கும் அட்டவணையைச் சரிபாருங்கள். முதுகெலும்பிக்கு 2, முதுகெலும்பில்லாததற்கு 5. பொது அட்டவணையில் போட்டுவிட்டுப் பதறுகிறவர்கள்தான் அதிகம். சரியான அட்டவணையிலும் நிறுத்தம் வந்தால், உட்கருவுக்குள் போய் உட்கார்ந்த பழைய மைட்டோகாண்ட்ரிய நகலைப் பெருக்கியிருக்கிறீர்கள். பிரைமரை மாற்றுங்கள்.

## அறிகுறி 6: சரியான பெயர்தான், ஆனால் நாலைந்து எழுத்து மாறுகிறது

பேண்டே வராதவர் பாவம், மறுபடி முயல்வார். இந்த அறிகுறிக்காரர் கட்டுரையே எழுதிவிடுவார்.

சிறுமலையில் முறையாக அனுமதி வாங்கிப் பிடித்து, பின்பு பார்மலினில் போட்ட ஒரு தவளை. முனைவர் பட்ட மாணவர் ஒருவர் மூன்று துண்டாகப் படித்து ஒட்டியதில், தெரிந்த இனத்திலிருந்து ஒன்பது இடத்தில் வித்தியாசம். புது இனம் என்று ஸ்வீட் பாக்ஸோடு வந்தார், நானும் இரண்டு தின்றேன். தின்றுகொண்டே அந்த ஒன்பதையும் பேப்பரில் எழுதிப் பார்த்தால் ஏழில், சி இருக்க வேண்டிய இடத்தில் டி, அல்லது ஜி இருக்க வேண்டிய இடத்தில் ஏ. இன்னொரு கால் தசையிலிருந்து புதிதாக எடுத்து மறுபடி படித்தோம். இரண்டு வித்தியாசம் அதே இடத்தில் நின்றது. மற்ற ஏழும் காணோம், பதிலுக்கு வேறு நாலு இடத்தில் புதிதாக முளைத்திருந்தது.

நடப்பது இதுதான். கெட்டுப்போன திசுவில் சி எழுத்து சிதைந்து யுராசில் ஆகிறது, டாக் அதை டி என்று படித்துக்கொண்டு போகிறது. டிஎன்ஏ நிறைய இருந்தால் நல்ல நகல்களுக்கு நடுவே அது அமுங்கிப்போகும். ஜாடி மாதிரியில் பிசிஆர் நாலைந்து மூலக்கூறிலிருந்தே தொடங்கலாம், அதில் ஒன்று கெட்டது என்றால் கடைசிக் குரோமேட்டோகிராமில் (சீக்வென்ஸ் வரைபடம்) அது உண்மையான எழுத்து போலவே கூர்மையாக நிற்கும். உச்சி அழகாக இருக்கிறது என்பது இங்கே சாட்சியே இல்லை.

சோதனை, மலிவானதிலிருந்து:

1. வித்தியாசங்களை வகை பிரியுங்கள். உண்மையான மாற்றத்திலும் சி-டி அதிகம்தான், அதனால் இது சந்தேகம் மட்டும், தீர்ப்பு இல்லை.
2. அதே டிஎன்ஏவிலிருந்து தனியாக இன்னொரு பிசிஆர். இடம் மாறுகிற வித்தியாசம் சேதம், இடத்தில் நிற்பது உண்மையாக இருக்கலாம்.
3. திசுவிலிருந்தே தனியாக இரண்டாவது பிரித்தெடுப்பு, அதிலும் இரண்டு பிசிஆர். நாலிலும் நிற்பதை மட்டும் நான் எழுதித் தருவேன்.
4. யுஎன்ஜி நொதியால் யுராசிலை வெட்டிவிட்டுப் போடுங்கள். பேண்ட் மங்கும், சில சமயம் போயே போய்விடும். போனால் நீங்கள் இதுவரை படித்தது எதை என்று புரிந்துவிடும்.
5. அதே இடத்தில் பிடித்த இன்னொரு புது மாதிரி, எத்தனாலில். மறுபடி மலை ஏற வேண்டும் என்பதால் இதைக் கடைசியில் எழுதினேன், நம்பிக்கையில் இது முதலிடம்.

அந்த மாணவர் மறுபடி சிறுமலை ஏறினார்.

## அறிகுறி 7: மாதிரி மனிதருடையது, ஆஸ்பத்திரி மெழுகுக் கட்டி (உள்ளே திசு பதித்தது)

இதைக் கல்லூரி ஆய்வகத்தில் முயல வேண்டாம், கூப்பிட வேண்டிய இடம் முதல் படியிலேயே வந்துவிட்டது. மேலே சொன்ன சி-டி பிழை இங்கே ஒரு புற்றுநோய் மரபணு மாற்றம் மாதிரியே தெரியும். மெத்தில் ஏறிய சி நேரே டி ஆகிவிடுவதால் யுஎன்ஜியும் அதைப் பிடிக்காது. அங்கீகாரம் பெற்ற மூலக்கூறு நோயியல் ஆய்வகத்துக்குத்தான் அந்த மெழுகுக் கட்டி போக வேண்டும். நீங்கள் கேட்டுச் சொல்லக்கூடியது மூன்று: தாங்கல் சேர்த்த 10 சதவீத பார்மலினா, எத்தனை மணி நேரம் (மார்பகத் திசுவுக்கு 6 முதல் 72 மணி என்பது நடைமுறை வழிகாட்டுதல்), எலும்பு என்றால் அமிலம் பட்டதா. வெள்ளிக்கிழமை அறுவை செய்து திங்கள் வரை ஜாடியில் கிடந்ததா என்று கேட்பதும் தவறில்லை.

போலீஸ், நீதிமன்றம் சம்பந்தப்பட்ட எதுவும், அது எலும்புத் துண்டானாலும், அரசு தடய அறிவியல் துறை வழியாகத்தான். வனத்துறை பிடித்த இறைச்சி, பல், தோல் என்றால் அவர்களே ஐதராபாத் சிசிஎம்பியின் லாகோன்ஸ் (வனவிலங்கு டிஎன்ஏ பார்க்கும் ஆய்வகம்) போன்ற இடங்களுக்கு அனுப்புவார்கள். உதவுகிறேன் என்று நடுவில் நீங்கள் ஒரு துண்டு வெட்டினால் காவல் சங்கிலி (சாட்சிப் பொருள் யார் யார் கைமாறியது என்ற பதிவு) அறுந்துவிடும்.

## இனிமேல் பிடிக்கப் போகிறவற்றுக்கு

மாதிரி பார்மலினைப் பார்க்கும் முன் தொடையிலோ துடுப்பிலோ பயறு அளவு தசை வெட்டி, 95 சதவீத எத்தனால் டியூபில். உடம்பு பார்மலினுக்குப் போகட்டும், இரண்டுக்கும் ஒரே எண். ஒவ்வொரு மாதிரிக்கும் கத்திரியைத் துடைத்து ஸ்பிரிட் விளக்கில் காட்டுங்கள். எத்தனால் கிடைக்கவில்லை, மலையில் ஐஸும் இல்லை என்றால் டிஎம்எஸ்ஓ உப்புக் கரைசல்: 20 சதவீத டிஎம்எஸ்ஓ, 0.25 மோலார் இடிடிஏ, கரையும் மட்டும் சமையல் உப்பு, பிஎச் 8. அறை வெப்பத்திலேயே தாங்கும், பஸ்ஸில் கொட்டினாலும் பற்றிக்கொள்கிற பயம் இல்லை.

டியூபின் மேல் மார்க்கரில் எழுதாதீர்கள், ஒரு சொட்டு எத்தனால் பட்டால் பெயர், தேதி, இடம் எல்லாம் நீலக் கறையாகிவிடும். தடித்த காகிதத் துண்டில் பென்சிலால் எழுதி, திசுவோடு சேர்த்து டியூபுக்குள்ளேயே போடுங்கள். அதில் திரவத்தின் பெயரையும், பார்மலின் பட்டதா இல்லையா என்பதையும் எழுதுங்கள்.